டொயோட்டா பழைய டொயோட்டாவாக இல்லையா?

வாகனக் கேள்வி – பதில். பதில் சொல்பவர் ஈரோட்டில் டீசல் பம்ப், இன்ஜெக்டர் பட்டறை நடத்துகிறார். சென்ற மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கம்பெனியைப் பற்றி என்பதால், இந்த இதழ் முழுவதும் அதற்கே.

கேள்வி: அப்பா 2002இல் வாங்கிய குவாலிஸ் இன்னும் எங்கள் தோட்டத்துக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த நம்பிக்கையில் இன்னோவா கிரிஸ்டா வாங்கலாம் என்றால், டெக்ஸாஸில் இருக்கும் அக்கா மகன் தடுக்கிறான். அங்கே ஒரு லட்சம் டொயோட்டா வண்டிகளுக்கு எஞ்சினையே மாற்ற வேண்டியதாகிவிட்டதாம். "மாமா, இது பழைய டொயோட்டா இல்லை" என்கிறான். அவன் பேச்சைக் கேட்கலாமா?
– விவசாயி, கரூர் மாவட்டம்

பதில்: மாப்பிள்ளை சொன்ன செய்தி சரி. அதிலிருந்து அவர் போய்ச் சேர்ந்த முடிவோடுதான் எனக்கு வழக்கு.

அவர் சொல்வது டன்ட்ரா என்ற பெரிய பிக்கப் வண்டியை. அவர் ஊரான டெக்ஸாஸில், சான் அன்டோனியோ தொழிற்சாலையில்தான் அதைச் செய்கிறார்கள். 2022 மாடலில் பழைய 5.7 லிட்டர் வி8 எஞ்சினை விட்டுவிட்டு 3.4 லிட்டர் இரட்டை டர்போ வி6 எஞ்சினுக்கு மாறினார்கள். எஞ்சினைக் கடைந்தபோது உதிர்ந்த உலோகத் துகள் சில எஞ்சின்களின் உள்ளேயே தங்கிவிட்டது. துகள் ஆயிலோடு சுற்றி கிராங்க் பேரிங்கில் போய் உட்கார்ந்தால், நெடுஞ்சாலையில் போகிற வண்டி அப்படியே நின்றுபோகும். 2024 மே மாத இறுதியில், டொயோட்டாவின் சொகுசு முத்திரையான லெக்சஸின் எல்எக்ஸ்600 வண்டிகளையும் சேர்த்து ஏறக்குறைய 1,02,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள்.

இதற்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. கடைசல் துகளைக் கழுவி, காற்றடித்து, வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்ப்பது எங்கள் பட்டறையில் புதிதாகச் சேரும் பையனுக்குக் கற்றுத்தரும் முதல் வேலை. தரக் கட்டுப்பாட்டை உலகத்துக்கே பாடமாகச் சொன்ன கம்பெனி அதில் வழுக்கியது வெட்கக்கேடு.

ஆனால் "பழைய டொயோட்டா" என்கிறீர்களே, அது எந்த வருடத்து டொயோட்டா? 1997 முதல் 2002 வரை அமெரிக்காவில் விற்ற கேம்ரி முதலிய வண்டிகளில் எஞ்சின் ஆயில் கருங்களியாக உறைந்தது. சுமார் 33 லட்சம் வண்டிகளுக்குத் தனியாக உத்தரவாதம் கொடுக்க வேண்டிவந்தது. 1995 முதல் 2000 வரை வந்த டகோமா பிக்கப்பின் சேசிஸ் துருப்பிடித்து ஓட்டை விழுந்தது. 2008இல் கம்பெனியே பல வண்டிகளைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்கியது. 2007, 2008, 2009 கேம்ரிகளின் 2.4 லிட்டர் பெட்ரோல் எஞ்சினில் பிஸ்டன் ரிங் சரியில்லாமல் ஆயில் குடித்தது. இவையெல்லாம் நாம் பொற்காலம் என்று பெருமூச்சு விடுகிற அதே வருடங்கள்.

அப்புறம் 2009, 2010. ஆக்சிலரேட்டர் பெடல் தரைவிரிப்பில் மாட்டிக்கொள்கிறது, சிலவற்றில் பெடலே இறுகி மேலே வர மறுக்கிறது என்று லட்சக்கணக்கில் வண்டிகளை அழைத்தார்கள். எலெக்ட்ரானிக் கோளாறுதான் காரணம் என்று பேச்சு கிளம்ப, அமெரிக்க அரசு நாசா பொறியாளர்களை வைத்து ஆராய்ந்தது. அப்படி எதுவும் கிடைக்கவில்லை என்று 2011இல் அறிக்கை வந்தது. ஆனாலும் பெடல் விவகாரத்தில் உண்மையை மறைத்ததற்காக 2014இல் 120 கோடி டாலர் கட்டினார்கள். இடையில், 2010 பிப்ரவரியில், கம்பெனித் தலைவர் அகியோ டொயோடா அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் உட்கார்ந்து, நாங்கள் வளர்ந்த வேகம் அளவுக்கு மீறிப் போயிருக்கலாம், பாதுகாப்பு, தரம், எண்ணிக்கை என்ற எங்கள் வரிசை குழம்பிவிட்டது என்ற பொருளில் பேசினார். "டொயோட்டா கெட்டுப்போய்விட்டது" என்று அடித்துச் சொல்ல ஒரு காலம் உண்டென்றால் அது அந்தக் காலம்தான். அந்த வருடங்களில்தான் நம் ஊரில் இன்னோவாவுக்குக் காத்திருந்து வாங்கினார்கள்.

ஒன்று நிச்சயமாக மாறியிருக்கிறது: கோளாறின் பரப்பு. முன்பு ஒரு பாகம் ஒரு மாடலுக்கு. இப்போது ஒரே பாகம் இருபது மாடலுக்கு. 2020இல் பெட்ரோல் டாங்க்குக்குள் இருக்கும் பம்ப்பின் பிளாஸ்டிக் சுழலி உப்பி மாட்டிக்கொள்கிறது என்று கண்டுபிடித்தார்கள், செய்தது டென்சோ என்ற உதிரிபாகக் கம்பெனி. அந்த ஒரு சின்னச் சுழலிக்காக டொயோட்டா மட்டுமே உலகம் முழுவதும் 58 லட்சம் வண்டிகளை அழைக்க நேர்ந்தது. எண்ணைக் கேட்டால் தலை சுற்றுகிறது. தவறு ஒன்றே ஒன்று.

உங்கள் குவாலிஸுக்கு வருகிறேன். அது உழைத்த வண்டி, மறுக்கவில்லை. ஆனால் இன்று ரோட்டில் தென்படும் குவாலிஸ் எல்லாம் தப்பிப் பிழைத்தவை. பிழைக்காதவை சென்னை புதுப்பேட்டையிலும் கோவை உக்கடத்திலும் பாகம் பாகமாகக் கழன்றுவிட்டன. அவை வந்து சாட்சி சொல்லப்போவதில்லை. 2000இல் வந்து 2005 தொடக்கத்தில் நின்றுபோன வண்டி அது. உங்களுடையது இன்னும் ஓடுகிறதென்றால் பாதிப் பெருமை உங்கள் அப்பாவுக்கு.

மீதிப் பாதி அந்த 2.4 லிட்டர் எஞ்சினின் எளிமைக்கு. டர்போ கிடையாது, 75 குதிரைசக்தி, ரோட்டரி பம்ப். டீசலைப் பீய்ச்சும் நாசில் நூற்றுச் சொச்சம் பார் அழுத்தத்தில் திறக்கும். கையால் அடிக்கும் டெஸ்டரில் மாட்டி அடித்தால் "கொர்" என்று ஒலி வரும். அந்த ஒலியை வைத்தே நாசில் நன்றாக இருக்கிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். மண்ணெண்ணெய் கலந்த டீசலையும் தண்ணீர் கலந்த டீசலையும் அது எப்படியோ விழுங்கி, கரும்புகை விட்டு, இருமிக்கொண்டே வீடு வந்து சேரும். எதைப் போட்டாலும் செரிக்கும் கிராமத்து வயிறு.

2005இல் வந்த இன்னோவா காமன்ரெயில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து உயர் அழுத்தத்தில் டீசல் போகும் முறை. அழுத்தம் ஆயிரம் பாரை எளிதாகத் தாண்டும். நாசில் துளையின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் சுமார் பத்தில் ஒரு பங்கு. கெட்ட இன்ஜெக்டரைப் பிரித்து, வால்வு உட்காரும் இடத்தைப் பெரிதாக்கும் கண்ணாடியில் பார்த்தால், ஓரத்தில் மெல்லிய கோடு ஒன்று தெரியும். அழுக்கு டீசல் அரித்த கோடு. வெறும் கண்ணுக்கு அது இல்லவே இல்லை. அந்தக் கோட்டின் வழியாக அழுத்தம் கசியும். காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கும். ஐடிலிங்கில் வண்டி நடுங்கும். நான்கு இன்ஜெக்டரிலிருந்தும் திரும்பிவரும் டீசலை நான்கு குழாய்களில் பிடிப்போம். மூன்று சமமாக ஏற, ஒன்று மட்டும் கிடுகிடுவென்று நிரம்பும். குற்றவாளி அதுதான்.

கிரிஸ்டாவின் 2.4 லிட்டர் எஞ்சின் அதைவிடவும் நுட்பமானது. உங்கள் குவாலிஸைப் போல இரண்டு மடங்கு, சுமார் 150 குதிரைசக்தி தருகிறது. வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின் இருப்பது நல்ல முன்னேற்றம். அக்கா மகன் சொன்ன டன்ட்ராவின் எஞ்சினுக்கும் இதற்கும் டொயோட்டா என்ற பெயரைத் தவிர எந்த உறவும் கிடையாது. கிரிஸ்டா அமெரிக்காவில் விற்பனைக்கே இல்லை. எனவே தாராளமாக வாங்குங்கள்.

ஒரே நிபந்தனை. தோட்டத்தில் டிராக்டருக்கென்று கேனிலும் டிரம்மிலும் டீசல் பிடித்து வைத்திருப்பீர்கள். அவசரத்துக்கு அதிலிருந்து ஐந்து லிட்டர் குவாலிஸுக்கு ஊற்றியிருப்பீர்கள். குவாலிஸும் மூச்சுவிடாமல் ஏற்றுக்கொண்டிருக்கும். கிரிஸ்டாவுக்கு அந்தக் கேனைக் காட்டவே கூடாது. டிரம்மின் அடியில் சேரும் தண்ணீரும் துருவும் நான்கு இன்ஜெக்டரையும் ஒரே நாளில் முடித்துவிடும். என் பட்டறைக்கு வரும் காமன்ரெயில் வண்டிகளில், எந்தக் கம்பெனி ஆனாலும் சரி, பெரும்பாலானவை இப்படி எரிபொருளால் செத்தவைதான். அப்புறம் "பழைய வண்டி மாதிரி இல்லையே" என்று எனக்குக் கடிதம் வரும்.

கேள்வி: பழைய இன்னோவாவை டி போர்டில் வருடக்கணக்காக ஓட்டினேன். எஞ்சினைப் பிரித்ததே இல்லை. இப்போது கிரிஸ்டா பிஎஸ்-6. டேஷ்போர்டில் ஏதோ ஃபில்டர் விளக்கு எரிகிறது, நண்பர்கள் "அதைக் கழற்றி எறி" என்கிறார்கள். எறியலாமா?
– வாடகை வண்டி ஓட்டுநர், மதுரை

பதில்: எறியாதீர்கள். அது புகைக்குழாயில் கரித்தூளைப் பிடித்து வைக்கும் ஃபில்டர், டிபிஎஃப் என்பார்கள். 2020 ஏப்ரல் முதல் பிஎஸ்-6 என்ற புகை விதி கட்டாயமானபோது, டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காக இறங்கியது. அந்தச் சுத்தமான டீசல் கிடைத்ததால்தான் இந்த ஃபில்டரைப் பொருத்தவே முடிந்தது. பிடித்த கரியை அது அவ்வப்போது தானே எரித்துச் சாம்பலாக்கிக்கொள்ளும். அதற்குப் புகைக்குழாய் நன்றாகச் சூடாக வேண்டும். மாட்டுத்தாவணியிலிருந்து மீனாட்சி கோயில், அங்கிருந்து ரயில் நிலையம், அப்புறம் அரை மணி நேரம் ஏசி போட்டு நிறுத்தி வைப்பது என்று நாள் முழுக்க ஓட்டினால் சூடு எங்கிருந்து வரும்?

விளக்கு எரிந்தால் திருச்சி ரோட்டில் ஏறி, இருபது முப்பது நிமிடம் நிற்காமல் சீரான வேகத்தில் ஓட்டுங்கள். பெரும்பாலும் அணைந்துவிடும். எரித்துக்கொண்டிருக்கும்போது பாதியில் எஞ்சினை அணைப்பதுதான் கெடுதல். கம்பெனி சொன்ன தரத்து ஆயிலையே ஊற்றுங்கள். மலிவு ஆயில் விடும் சாம்பல் எரியாது, ஃபில்டரிலேயே தங்கி அடைத்துவிடும். இத்தனைக்குப் பிறகும் விளக்கு அணையவில்லையென்றால் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்.

இந்த ஃபில்டர் விஷயத்தில் கம்பெனியும் சுத்தம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதே எஞ்சின் குடும்பத்தைப் பொருத்தி 2015 அக்டோபர் முதல் 2020 ஏப்ரல் வரை ஆஸ்திரேலியாவில் விற்ற ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர், பிராடோ வண்டிகளில் ஃபில்டர் அமைப்பே குறைபாடுள்ளது என்று 2022இல் அந்த நாட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான வண்டிகள். அதனால் எல்லாவற்றுக்கும் ஓட்டுநரைக் குறை சொல்கிறவன் என்று என்னை நினைத்துவிடாதீர்கள்.

பழைய இன்னோவா போலவே இதுவும் எஞ்சின் பிரிக்காமல் ஓடுமா என்பது உங்கள் கடிதத்தின் உள்ளே இருக்கும் கேள்வி. எஞ்சின் ஓடும். அதைச் சுற்றியிருக்கும் ஃபில்டர், வால்வு, சென்சார் எல்லாம் அதே அளவுக்கு ஓடாது. பழைய வண்டியில் அவை இல்லாததால் கெடவும் இல்லை. கிலோமீட்டருக்கு இத்தனை பைசா என்று பராமரிப்புக்கு ஒதுக்குவீர்கள் அல்லவா, அந்தத் தொகையைக் கொஞ்சம் கூட்டிவையுங்கள்.

கேள்வி: 2024இல் டீசல் எஞ்சின் சோதனையில் டொயோட்டா மோசடி செய்தது என்று செய்தி வந்ததே. அதை ஏன் உங்கள் பகுதியில் எழுதவே இல்லை?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: கேட்க வேண்டிய கேள்வி, ஐயா. 2024 ஜனவரி இறுதியில் வெளியானது. எஞ்சின் செய்துதரும் டொயோட்டா இன்டஸ்ட்ரீஸ் என்ற குழும நிறுவனம், குதிரைசக்தியை அளந்து சான்று வாங்கும்போது, விற்கும் வண்டியில் இருக்கும் மென்பொருளுக்குப் பதிலாக வேறு மென்பொருளைப் போட்டு ஓட்டியிருக்கிறது. அளவுகள் ஏற்ற இறக்கமில்லாமல் அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. இங்கேயும் கிரிஸ்டா, ஃபார்ச்சூனர், ஹைலக்ஸ் அனுப்புவதைச் சில நாட்கள் நிறுத்தி வைத்தார்கள். உற்பத்தியாகும் எஞ்சின்களை மறுபடி சோதித்ததில் சக்தி சொன்னபடியே இருக்கிறது, ஓட்டுபவர்கள் ஓட்டலாம் என்று கம்பெனி அறிவித்தது.

அதற்கு ஒரு மாதம் முன்புதான், 2023 டிசம்பரில், டொயோட்டாவுக்கே முழுச் சொந்தமான டைஹாட்சுவில் 64 மாடல்களின் பாதுகாப்புச் சோதனைகளில் முறைகேடு வெளிவந்திருந்தது. அவற்றில் மிகப் பழையது 1989ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

உங்கள் மாணவன் ஒருவன் நன்றாகவே படிக்கிறவன், மார்க் கூடுதலாகத் தெரிய விடைத்தாளைத் திருத்திவிட்டான் என்று வையுங்கள். அவனுக்கு என்ன தண்டனை கொடுத்திருப்பீர்களோ அதை இவர்களுக்கும் கொடுக்கலாம். வண்டி ரோட்டில் நிற்குமா என்ற கேள்விக்கு இதில் பதில் கிடையாது. கம்பெனியின் வாய்ச்சொல்லை எவ்வளவு நம்பலாம் என்பதற்குக் கிடைக்கிறது. இரண்டையும் நான் தனித்தனிக் கணக்கில் எழுதுகிறேன். இரண்டாவது கணக்கில் அவர்களுக்கு இப்போது வரவைவிடப் பற்று அதிகம்.

கேள்வி: கிளான்சா வாங்கலாமா? அது டொயோட்டாதானே?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: முத்திரை டொயோட்டா, வண்டி மாருதி பலேனோ. ரூமியன் என்பது எர்டிகா. டைசர் என்பது ஃப்ரான்க்ஸ். ஒளிவுமறைவில்லை, இரண்டு கம்பெனிகளும் ஊரறியச் செய்துகொண்ட ஒப்பந்தம். மறுபக்கம், மாருதி விற்கும் இன்விக்டோ உண்மையில் பெங்களூரு பக்கம் பிடதியில், டொயோட்டா தொழிற்சாலையில் பிறந்த இன்னோவா ஹைகிராஸ். பலேனோ உங்களுக்குப் பிடித்த வண்டி என்றால் கிளான்சாவும் பிடிக்கும். உத்தரவாதம், பக்கத்தில் இருக்கும் சர்வீஸ் சென்டர், கையில் கிடைக்கும் தள்ளுபடி இவற்றை வைத்து முடிவெடுங்கள். எட்டியோஸ் ஓட்டியவர்கள் அந்த நினைப்பில் கிளான்சாவுக்குப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். டொயோட்டா தானே வடிவமைத்த சிறிய கார்கள் 2020இல் எட்டியோஸ், 2021இல் யாரிஸ் என்று நம் நாட்டில் முடிந்துவிட்டன. என்னைக் கேட்டால் அந்தக் கம்பெனியின் மேல் எனக்கிருக்கும் பெரிய வருத்தமே இதுதான்.

கேள்வி: எப்போது பார்த்தாலும் ஜப்பான் வண்டிக்கே பரிந்து பேசுகிறீர்களே, கம்பெனி உங்களுக்கு என்ன கொடுக்கிறது?
– திருப்பூர் வாசகர்

பதில்: வேலை கொடுப்பதில்லை. இன்ஜெக்டர் பட்டறைக்காரனுக்கு அதைவிட நஷ்டம் வேறு இருக்கிறதா? விளையாட்டை விட்டுச் சொல்வதென்றால் புள்ளிவிவரம் தருகிறேன்: கன்சூமர் ரிப்போர்ட்ஸ் என்ற அமெரிக்க அமைப்பு 2024 டிசம்பரில் வெளியிட்ட நம்பகத்தன்மைப் பட்டியலில் சுபாரு முதலிடம், லெக்சஸ் இரண்டு, டொயோட்டா மூன்று. முதலிடம் போய்விட்டது என்றும் படிக்கலாம், அத்தனை ரீகாலுக்குப் பிறகும் மூன்றாவது என்றும் படிக்கலாம். நீங்கள் எப்படிப் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

கேள்வி: புதிய வண்டிகள் மேல் நம்பிக்கை இல்லை. 2012 வாக்கில் வந்த பழைய இன்னோவா டீசல் ஒன்றைத் தேடி வாங்கலாம் என்றிருக்கிறேன். எதைப் பார்க்க வேண்டும்?
– மளிகைக் கடைக்காரர், நாமக்கல்

பதில்: பழையதெல்லாம் தங்கம் என்ற நினைப்பில் போனால் தரகர் உங்களைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொள்வார். முதலில் ஆர்.சி. புத்தகத்தைப் பாருங்கள், மஞ்சள் போர்டாக ஓடி வெள்ளை போர்டுக்கு மாறிய வண்டியா என்று தெரிந்துவிடும். மாறிய வண்டி என்றாலே கெட்டது என்றில்லை, ஆனால் மீட்டரில் 90,000 என்று இருந்தால் சிரித்துக்கொண்டே திரும்பிவிடுங்கள். கிளட்ச் பெடலின் ரப்பர், ஸ்டீயரிங்கின் இடதுபக்கத் தேய்மானம், ஓட்டுநர் சீட்டின் ஓரம் மூன்றும் மீட்டரைவிட யோக்கியமானவை.

இந்த எஞ்சினில் டைமிங் பெல்ட் உண்டு. மாற்ற வேண்டிய நேரத்தில் டேஷ்போர்டில் டி-பெல்ட் என்று விளக்கு எரியும். பெல்ட்டை மாற்றாமல் விளக்கை மட்டும் அணைத்துவிடுகிற வழக்கமும் இருக்கிறது. ஆகவே வாய்வார்த்தை வேண்டாம், மாற்றியதற்கான பில் கேளுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அப்புறம் எஞ்சின் வேலைக்கு ஆகும் பணத்தில் உங்கள் கடைக்கு ஒரு மாதச் சரக்கு எடுத்துவிடலாம்.

வண்டி பார்க்கக் காலையில் போங்கள். நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முந்தின நாளே சொல்லிவையுங்கள். போனதும் பானெட்டின் மேல் கையை வையுங்கள். சில்லென்று இருந்தால் சாவியைத் திருப்பி, செல்ஃப் எடுக்கும் வேகத்தையும் முதல் புகையின் நிறத்தையும் பாருங்கள். சூடாக இருந்தால், யாரோ விடியற்காலையில் எழுந்து உங்களுக்காக வண்டியைத் தயார்செய்திருக்கிறார்கள் என்று பொருள். டீ கொடுத்தால் குடித்துவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.